மிதக்கும் கூட்டுயிரிக்குக் 'கை' இருக்கலாமா?

நீலமிதவை:
கற்பனைக் கோள் ஒன்றின் கடலுக்காக ஒரு கூட்டுயிரியை, அதாவது பல உயிர்கள் ஒட்டி ஒன்றாக வாழும் உயிரியை, உருவாக்கி வருகிறேன். நம் கடலில் இருக்கும் ஃபைசாலியாதான் முன்மாதிரி: மேலே ஊதிய நீலப் பை, கீழே பத்து மீட்டருக்கும் மேல் தொங்கும் கொட்டும் இழைகள். அதன் பகுதிகளுக்குப் பாய் (மேலே உள்ள பை), கை (கொட்டும் இழைகள்), வயிறு, கருப்பை என்று பெயர் வைத்தேன். அடிப்படையே தவறு என்கிறார் மொட்டுக்கிளை அண்ணா. படிப்பவருக்குச் சட்டென்று விளங்க வேண்டாமா?

மொட்டுக்கிளை:
விளங்கும், ஆனால் தப்பாக விளங்கும். கை என்றதுமே ஓர் உடல், அதில் முளைத்த கை என்றுதான் மனதில் வரும். ஃபைசாலியாவில் ஒரே கருமுட்டையிலிருந்து வந்து, மொட்டுவிட்டு மொட்டுவிட்டுப் பெருகி, பிரியாமல் ஒட்டியே இருக்கும் ஜூவாய்டுகள்தான் (கூட்டுயிரியை ஆக்கும் தனித்தனி உயிர்கள்) எல்லாம். இரை விழுங்குவது ஒன்று, கொட்டிப் பிடிப்பது வேறொன்று. கொட்டும் ஜூவாய்டால் சாப்பிட முடியாது, விழுங்குவது செரித்துக் கொடுப்பதில்தான் அது பிழைக்கிறது. இதைப் போய்க் கை என்றால் எப்படி?

நீலமிதவை:
அறிவியல் பெயரும் அதைத்தானே செய்கிறது? கொட்டுவதற்கு டாக்டிலோஜூவாய்டு, விழுங்குவதற்கு காஸ்ட்ரோஜூவாய்டு என்று பெயர்; டாக்டிலோ கிரேக்கத்தில் விரல், காஸ்ட்ரோ வயிறு.

மொட்டுக்கிளை:
கூடவே ஜூவாய்டு என்று ஒட்டியிருக்கிறதே, அதுதான் முக்கியம். பிரயோசோவா என்ற நுண்ணிய கூட்டுயிரிகளில் அவிக்குலேரியம் என்று ஒன்று உண்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் பருந்தின் தலை மாதிரி அலகைத் திறந்து திறந்து மூடும். 1830களில் பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் அதை வெட்டி எடுத்த பிறகும் அலகு அசைந்ததைப் பார்த்திருக்கிறார். பெயரும் லத்தீனில் சிறு பறவை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் அது தலையே இல்லை, முழு ஜூவாய்டு ஒன்று உருமாறியது. கீழலகு என்று தெரிவது, மற்ற ஜூவாய்டுகளில் வாசலை மூடும் கதவு. பெயரை மட்டும் பார்த்தால் இந்தக் கதை தெரியவே தெரியாது.

பாசிக்கல்:
அண்ணா சொல்வதில் பாதிதான் சரி. எல்லாமே ஜூவாய்டு என்றீர்களே, ஃபைசாலியாவின் பை ஜூவாய்டு இல்லை. அது மொட்டாக வந்ததல்ல, லார்வாவின் உடல்முனை உள்ளே மடிந்து உருவானது. ஆகவே பாய் என்று உறுப்புப் பெயர் வைத்ததில் நீலமிதவை தப்பே செய்யவில்லை. மற்றவற்றுக்குத் தமிழிலேயே வழி இருக்கிறது: விழுங்கி, கொட்டி, ஈனி. உண்ணி, கொல்லி மாதிரி, செய்பவரைச் சொல்லும் இகர விகுதி.

மொட்டுக்கிளை:
பை விஷயம் ஒத்துக்கொள்கிறேன், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் சுமைதாங்கியும் இகரத்தில்தான் முடிகிறது, அது கல். ஒலிபெருக்கி ஒரு கருவி. விகுதியை மட்டும் நம்பினால் உயிர் எது, உறுப்பு எது என்று யாருக்குத் தெரியும்?

நீலமிதவை:
அப்படியென்றால் மொட்டிலிருந்து வந்ததற்கெல்லாம் முன்னால் 'மொட்டு' சேர்க்கிறேன்: மொட்டுவிழுங்கி, மொட்டுக்கொட்டி. பாய் பாயாகவே இருக்கட்டும். கொட்டியிலிருந்து தொங்கும் அந்த நீள இழை தனி ஜூவாய்டு இல்லை, கொட்டியின் உறுப்பு. ஆக, அதையாவது கை என்று சொல்லலாமா?

மொட்டுக்கிளை:
அதைத் தாராளமாகச் சொல்லுங்கள், அது கொட்டியின் கை.