ஜிம்முக்குப் புதுசு: கிழமைக்கு மூண்டு நாள் காணுமோ?

கிளிப்பெடியன்:
வணக்கம். வயது 23, நிறை 57 கிலோ. கிளிநொச்சியில ஒரு ஜிம்மில சேந்திருக்கிறன். திங்கள் நெஞ்சு, செவ்வாய் கை, புதன் முதுகு எண்டு ஆறு நாள் அட்டவணை ஒண்டு சுவரில ஒட்டிக் கிடக்கு. வயல் வேலையும் இருக்கிறதால என்னால மூண்டு நாள்தான் ஏலும். அங்க கிடக்கிற ஆகச் சின்னத் தட்டு 2.5 கிலோ. எப்பிடித் தொடங்கலாம்?

பாரந்தூக்கி:
மூண்டு நாள் தாராளம். அந்த அட்டவணை கனகாலம் தூக்கின ஆக்களுக்குத்தான் சரிவரும். புதுசா வாற ஆள் ஸ்குவாற்றை (பாரை, அதாவது தட்டுப் போடுற இரும்புக் கம்பியை, தோளில வைச்சுக் குந்தி எழும்புறது) கிழமையில ஒருக்கா மட்டும் செய்தால் அசைவே பிடிபடாது.

திங்கள் ஸ்குவாற், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை நெஞ்சில இருந்து மேல தள்ளுறது), குனிஞ்சு இழுக்கிற ரோ. புதன் டெட்லிஃப்ற் (தரையில கிடக்கிற பாரைத் தூக்கி நிமிர்றது), நிண்டபடி தலைக்கு மேல தள்ளுற ஓவர்ஹெட் பிரஸ், மெசினில மேல இருந்து கீழ இழுக்கிற லாற் புல்டவுன். வெள்ளி திரும்பத் திங்களின்ரை. அடுத்த கிழமை புதனின்ரையில தொடங்கி மாத்தி மாத்திப் போங்கோ. எல்லாம் 8 தரப்படி 3 செற் (ஆறாமல் செய்யிற ஒரு சுற்றுத்தான் செற்), டெட்லிஃப்ற் மட்டும் 5 தரப்படி 2 செற். செற்றுக்கு இடையில 2, 3 நிமிசம் ஆறோணும். செற் முடியேக்க இன்னும் ரெண்டு தரம் தூக்கலாம் எண்ட நிலையில நிப்பாட்டுங்கோ.

பாரையும் நிறுத்துப் பாருங்கோ. தடிச்ச ஒலிம்பிக் பார்தான் 20 கிலோ, மெல்லிசுப் பார் 10 கிலோவுக்குக் கீழயும் வரும். அதைக் கணக்கில சேக்காமல் கொப்பியில எழுதினால் வேறை பார் எடுக்கிற அண்டைக்கு எல்லாம் பிழைக்கும்.

சின்னத் தட்டுப் பிரச்சினை கைக்குத்தான். ரெண்டு பக்கமும் 2.5 போட்டால் 5 கிலோ கூடும். 20இல இருந்து 25 எண்டால் நாலில ஒரு பங்கு, ஓவர்ஹெட் பிரஸ்ஸில அது இலேசில ஏறாது. அதாலை எடையை விட்டிட்டு எண்ணிக்கையைக் கூட்டுங்கோ: 8, 9, 10 எண்டு போய், மூண்டு செற்றும் 12 வந்தாப் பிறகு 5 கிலோ போட்டுத் திரும்ப 8.

வவுனியா_தடியன்:
மேலை சொன்னது சரி, ஆனால் டெட்லிஃப்ற்றை முதல் ஒரு மாதம் விடலாம் எண்டுதான் நான் சொல்லுவன். விடமாட்டன் எண்டால் தட்டைக் கவனியுங்கோ. பெரிய தட்டு 45 சென்ரிமீற்றர் விட்டம், பார் தரையில இருந்து 22 சென்ரிமீற்றரில நிக்கும். சின்னத் தட்டைப் போட்டால் பார் கீழ இறங்கும், எட்டி எடுக்க முதுகு வளையும். ரெண்டு பக்கமும் கட்டை வைச்சு, பாரை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில கொண்டு வாங்கோ.

ஸ்குவாற்றில குதி எழும்பினால் சப்பாத்தும் ஒரு காரணமாய் இருக்கலாம். மெத்தெண்ட ஓட்டச் சப்பாத்து வேண்டாம், தட்டை அடியுள்ளது போடுங்கோ. தனிய பெஞ்ச் போடேக்க தட்டுக் கழராமல் பிடிக்கிற கிளிப்பைப் பூட்டாதேங்கோ. பார் நெஞ்சில மாட்டினால் ஒரு பக்கம் சரிச்சுத் தட்டை விழுத்தலாம்.

கிளிப்பெடியன்:
நன்றி அண்ணையாக்கள். புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்லீனம், வேணுமோ? அறுவடை நேரம் என்ன செய்யிறது?

பாரந்தூக்கி:
பவுடர் கட்டாயமில்லை. ஒரு நாளைக்கு, நிறையில கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன் எண்டால் உங்களுக்கு 90 கிராம் அளவில வரும். 200 கிராம் மீனில 40, மூண்டு முட்டையில 18, ஒரு கோப்பை அவிச்ச கௌபியில 13. மிச்சம் சோறு, பருப்போடையே வந்திடும். மீன் இரணைமடுக் குளத்தில பிடிச்சதெண்டாலும் கணக்கு ஒண்டுதான். சோத்தைக் குறைக்காதேங்கோ, 57 கிலோவில நிறையும் கூடோணும்.

வவுனியா_தடியன்:
பவுடரோ, தூக்கிற ஆக்கள் எடுக்கிற கிரியாற்றினோ (creatine) தொடங்க முதல், சிறுநீரகம் எப்பிடி எண்டு பாக்கிற creatinine இரத்தப் பரிசோதனையை ஒருக்காச் செய்யுங்கோ. எங்கடை வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறதாலதான் சொல்லுறன். கிரியாற்றின் எடுத்தால் சிறுநீரகம் சுகமாய் இருந்தாலும் அந்த creatinine அளவு கொஞ்சம் கூடிக் காட்டும், அதை டொக்டரிட்டைச் சொல்லுங்கோ.

அறுவடைக் கிழமையள்ல ஜிம் ரெண்டு நாள், எல்லாம் 2 செற், எடை கூட்டுறேல்லை. மூட்டை தூக்கின அண்டைக்கு டெட்லிஃப்ற் கிட்டவும் போகாதேங்கோ.