சுற்றறிக்கை தற்காலிக ஊழியர்களுக்கும் போய்ச் சேர என்ன வழி?

கேள்வி (துறை அலுவலக உதவியாளர்):
வணக்கம். நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை நீட்டித்துத் தேர்வாணையர் அனுப்பிய சுற்றறிக்கை துறைத்தலைவர்களின் மின்னஞ்சலோடு நின்றுவிட்டதால், எங்கள் தொகுப்பூதிய ஊழியர் ஒருவர், வெளியூரிலிருந்து பேருந்தில் வந்த மாணவியிடம் பழைய தேதியைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மீது தவறில்லை, அவருக்கு அலுவலக மின்னஞ்சல் முகவரியே கிடையாது. உங்கள் இடங்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மறுமொழி (ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்):
எங்கள் காலத்தில் சுற்றறிக்கையுடன் பெயர்ப்பட்டியலை இணைத்து, ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கிய பிறகே கோப்பில் சேர்ப்போம். இரவுக் காவலரின் பெயரும் அதில் இருக்கும். இன்று வாட்ஸ்அப் குழு வேகமானதுதான் என்றாலும், பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே ஆணை புதைந்துபோகிறது. ஆகவே அறிவிப்புக்கென்றே தனிக்குழு தொடங்கி, நிர்வாகி மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள்.

மறுமொழி (பிரிவு அலுவலர்):
ஐயா சொல்வது சரி. ஆனால் செய்தி சேர்வது பாதிதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4ஆம் பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பணியிட மாறுதல் ஆணையை வெறும் ‘நிர்வாக நலன் கருதி’ என்ற ஒற்றை வரியோடு பெறுபவருக்கு நிறுவனத்தின்மீது எப்படிப் பற்று வரும்? நாங்கள் திங்கட்கிழமை காலையில் கால் மணி நேரம் எல்லோரும் கூடிப் பேசுகிறோம். தற்காலிக ஊழியர்களையே முதலில் பேச விடுகிறோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பெயர்ப்பட்டியலை நாளையே தயாரித்துத் துறைத்தலைவரிடம் ஒப்புதல் கேட்கிறேன்.