வீட்டுத்திட்டத்துக்கு மாற்றப்பட்டவர்கள் பிறகு எங்கே போகிறார்கள்?

கேள்வி: உப்புவெளியாள்

ஆழிப்பேரலைக்குப் பின்னர் திருகோணமலை நகரிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட ஒரு வீட்டுத்திட்டத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டியிருந்ததால், தூரம் போகாமல் எங்கள் ஒழுங்கையையே எடுத்துக்கொண்டேன். இங்குள்ள 14 வீடுகளில், முதலில் சாவி வாங்கிய குடும்பங்கள் இன்றும் இருப்பவை 5 மட்டுமே. 4 வீடுகளில் வாடகைக்காரர் இருக்கிறார்கள், 2 வீடுகள் வேறு கைக்கு மாறிவிட்டன, 3 வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த 3 பூட்டுகளில் ஒன்றுக்கு மழை ஈரம் படாதபடி யாரோ பொலித்தீன் பை சுற்றி நூலால் இறுகக் கட்டியிருப்பதைப் பார்த்தபோது, கைவிட்ட வீட்டின் பூட்டுக்காக இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று தோன்றியது.

அலுவலகம் ஒன்றில் விசாரித்தேன். எத்தனை வீடு கட்டப்பட்டது, எந்தத் திகதியில் கையளிக்கப்பட்டது என்பனவெல்லாம் கோப்பில் இருக்கின்றன. கையேற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதுவதற்கு அதில் ஒரு கட்டமே இல்லை. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதா, வேறு இடங்களிலும் இப்படித்தானா? போனவர்களைக் கண்டுபிடிக்க வழி ஏதும் உண்டா?

மறுமொழி 1: கரைவலை

தங்கச்சி, நான் மனையாவெளிப் பக்கத்துக் கடற்றொழிலாளி. எனக்கும் இப்படியொரு வீடு கிடைத்தது. கடலோரத்தில் வீடு கட்டக்கூடாத வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று 2005ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது, எங்கள் குடியிருப்பு முழுவதுமே கடலுக்கும் வீதிக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டில் இருந்தபடியால், அந்த இரட்டிப்புத் தூரம் எங்களுக்கு ஊரையே இழப்பதாக முடிந்தது. கடலிலிருந்து உள்ளே தள்ளித் தந்த கல்வீடு நல்ல வீடுதான், அதில் பொய் சொல்லமாட்டேன். ஆனால் விடிய 3 மணிக்குக் கரையில் நிற்கவேண்டியவனுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஓட்டோவுக்குக் கொடுத்தால் மீன் விற்ற காசில் பாதி போய்விடும். இரவில் இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும், இல்லையேல் களவு போகும். அதுவோ ஓர் ஆள் தூக்கித் திணறும் பாரம். ஆகவே முதலில் ஆண்கள் வள்ளத்துக்கு அருகில் வாடி (ஓலைக் குடில்) போட்டுப் படுத்தார்கள், பிறகு சமைத்துக் கொடுக்க மனைவிமார் வந்தார்கள், பள்ளிக்கூடத் தவணை முடிந்ததும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இது ஒரே நாளில் எடுத்த முடிவன்று; ஒரு பாய், ஒரு குக்கர், ஒரு புத்தகப் பை என்று கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

அந்த வலயக் கட்டுப்பாடு 2005 இறுதியில் தளர்த்தப்பட்டது. உறுதி (காணிப் பத்திரம்) உள்ள காணியில் வீடு முழுமையாக அழிந்தவர்களுக்கு 250,000 ரூபா உதவித்தொகை இருந்தது. காணி உள்ளவர்கள் பழைய அத்திவாரத்துக்கே திரும்பினார்கள். காணி இல்லாதவர்கள் கரையோர ஒழுங்கைகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். எனவே உங்கள் 9 வீட்டுக்காரரில் பெரும்பாலானோரை ஒரு மணித்தியாலச் சைக்கிள் தூரத்துக்குள்ளேயே பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பொலித்தீன் சுற்றிய பூட்டு பற்றி: கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் கலியாணம் பேசத் தொடங்கினால் முதலில் வருவது வீட்டுப் பேச்சுத்தான். அரசாங்கம் தந்த வீட்டில் தான் குடியிருக்காவிட்டாலும், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம் என்று பூட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். கோப்பில் அது வெற்று வீடு. தகப்பனுக்கு அது பாதிக் கலியாணச் செலவு.

மறுமொழி 2: கொட்டாஞ்சேனைக்காரி

நான் பிறந்தது பாலையூற்றில், 20 வருடமாகக் கொழும்பில். இங்கே கதை வேறு மாதிரி. 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட பின்னர், தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் இருந்தவர்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் வேலை வேகமாக நடந்தது. அதற்கு முன்னோடியாக 2001இல் திறக்கப்பட்ட சகஸ்புர என்ற தொடர்மாடி இருந்தது: 14 மாடி, 671 வீடுகள். பிந்திய திட்டங்களில் வீட்டின் பரப்பு ஏறக்குறைய 400 சதுர அடி. பல குடும்பங்களிடம் 10 இலட்சம் ரூபா, மாதம் 2,650 ரூபா வீதம் 30 ஆண்டுத் தவணையாகக் கேட்கப்பட்டது. முன்பு இரண்டு அறையைத் தகரம் போட்டு நான்காக்கி மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம், மாடிக்கு வந்ததும் இரண்டாக உடைகிறது. எனக்குத் தெரிந்த ஓர் இடியப்பக்கார அக்கா ஒன்பதாம் மாடியில் வீடு வாங்கிய பிறகும் பழைய சந்திக்கு அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அங்கேதான் விடிய மா குழைக்கிறார்; வாடிக்கையாளர் மின்தூக்கியில் ஏறி வரமாட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். (மின்தூக்கி வேலைசெய்யும் நாட்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.) மாடிவீட்டில் மூத்த மகனின் குடும்பம் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு யோசனை: வாடகைக்காரரிடம், வீட்டுக்காரர் யார் என்று கேட்டால் பயப்படுவார்கள். வாடகைக் காசை எந்த ஊருக்குக் கொடுத்தனுப்புகிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

மறுமொழி 3: அளவுநாடா

நகரத் திட்டமிடல் படித்தவன் என்ற முறையில் வேறு இடங்களிலும் இப்படித்தானா என்ற கேள்விக்கு முதலில் பதில். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ஹோப் சிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ், பழுதடைந்த அரச மாடிக் குடியிருப்புகளை இடித்துக் கலப்பு வருமானக் குடியிருப்புகளாகக் கட்டினார்கள். சிக்காகோவில் ராபர்ட் டெய்லர் குடியிருப்பு என்ற பெயரில் 16 மாடிக் கட்டடங்கள் 28 இருந்தன. கடைசிக் கட்டடம் 2007இல் இடிக்கப்பட்டது. இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதை அறிய, அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனம் ஐந்து நகரங்களில் அதே குடும்பங்களை 2001, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் தேடிப்போய் விசாரித்தது. வாடகை உதவிச் சீட்டைப் பெற்றுத் தனியார் வீடுகளுக்குப் போனவர்களே அதிகம். அடுத்த பெரும் பங்கினர் வேறு அரச குடியிருப்புகளுக்குப் போனார்கள். அந்தக் காலத்துக்குள் புதிதாகக் கட்டிய இடத்துக்குத் திரும்பியவர்கள் இருபதில் ஒரு பங்கு அளவினர்தான். இடம் மாறியவர்கள், பயமின்றித் தெருவில் நடக்கிறோம் என்றார்கள், ஆனால் வேலைவாய்ப்புக் கூடவில்லை, உடல்நலமும் மோசமாகவே இருந்தது.

சென்னையில் 2000ஆம் ஆண்டளவிலிருந்து ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் நகருக்குத் தெற்கே கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டார்கள். அங்கும் தூரமே முதற் குறை. இதற்கு மாறாகச் சிங்கப்பூரில் 1995இல் தொடங்கிய திட்டத்தில், இடிக்கப்படும் தொகுதியில் உள்ளவர்களுக்கு அருகிலேயே, 99 ஆண்டுக் குத்தகையுடன் புதிய வீடு கட்டிய பிறகே பழையதை இடித்தார்கள்.

முறை பற்றி ஒன்று. நீங்கள் வீடுகளை எண்ணுகிறீர்கள். குடும்பங்களை எண்ணத் தொடங்கினால் பழைய வாக்காளர் இடாப்பும் கிராம உத்தியோகத்தரின் பதிவும் போதுமானவை.

மறுமொழி 4: மூதூர்க்கிழக்கு

மூதூர்ப் பக்கத்து எங்கள் ஊரான சம்பூரை மறந்துவிட்டீர்கள். போரினால் 2006 ஏப்ரலில் ஓடிய நாங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று முகாம்களில் இருந்தபோது, மாற்றுக் காணி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று 9 வருடம் தகரக் கொட்டிலில் இருந்தோம். 2015 ஓகஸ்டில் ஒரு பகுதிக்கும், கடற்படை இருந்த காணிக்கு 2016 மார்ச்சிலும் திரும்பினோம். மாற்றிடம் ஏற்றவர்கள் பிழை செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஏற்காதவர்களும் உங்கள் கட்டுரையில் ஒரு பந்தியாவது இருக்கட்டும்.

மறுமொழி 5: உப்புவெளியாள்

எல்லோருக்கும் நன்றி. சம்பூருக்குத் தனி அத்தியாயமே ஒதுக்குகிறேன். கரைவலை அண்ணா சொன்னது சரியாகிவிட்டது. போயா விடுமுறை அன்று ஓர் அம்மா மகளுடன் விளக்குமாறும் கொண்டுவந்து அந்தப் பூட்டைத் திறந்தார். பொலித்தீன் பையை உதறி, மடித்து, மறுபடி கட்டுவதற்காக இடுப்பில் செருகிக்கொண்டார். அவர்கள் திருக்கடலூரில் வாடகைக்கு இருக்கிறார்கள். மகளுக்கு ஆவணியில் கலியாணம். மாரியில் எந்தச் சுவர் கசிகிறது என்று என்னிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

வாடகை விசாரணையும் செய்து முடித்தேன். 4 பேரில் 3 பேர் மாதந்தோறும் காசைக் கடற்கரை ஒழுங்கைகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நான்காமவர், வீட்டுக்காரரின் மகன் கட்டாரிலிருந்து கொடுத்த வங்கிக் கணக்கில் போடுகிறார். அந்தக் குடும்பத்தை அவர் ஒருமுறைகூடக் கண்டதில்லையாம்.