அத்தானோட திரும்பவும் அரசியல் கதைக்க வேணும், எப்பிடித் தொடங்கிறது?

திருமலைக் கடைக்காரன் எழுதினது:

அரசியல் கதைக்காதேங்கோ எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்ல வேண்டாம். எனக்கு அத்தானோட அரசியல் கதைக்க வேணும்.

அத்தான் துறைமுகத்தில வேலை செய்து ஓய்வெடுத்தவர், தொழிற்சங்கக்காரர், இடதுசாரி. நான் ஹாட்வெயார் கடை வச்சிருக்கிறன். அரசாங்கம் வியாபாரம் செய்யக் கூடாது எண்டு நினைக்கிற ஆள். இருபது வருசமா ஞாயிறு பின்னேரங்களில திருகோணமலை டச்பே கடற்கரையில இருந்து கச்சான் கொறிச்சபடி தர்க்கப்படுவம். இருட்டினதும் எழும்பி, அக்காவின்ர தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவன்.

போன மாசியில அம்மாவின்ர ஆண்டுத் திவசம். பந்தியில எங்கட சீனக்குடா எண்ணெய்க் குதங்களை, அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கதை வந்தது. "முழுக்க இந்தியாவுக்கு வித்தாச்சு" எண்டார் அத்தான். "துருப்பிடிச்சுக் கிடந்ததை ஆரும் எடுத்தால் நல்லதுதானே, நாசமாக்கினதே உங்கட சங்கங்கள்தான்" எண்டன் நான். "வியாபாரி தாயின்ர வளவையும் விப்பான்" எண்டார். அம்மாவின்ர திவசத்தில!

கலியாணம் முடிச்ச நாளில இருந்து அவர் என்னை "நீ" எண்டுதான் சொல்லுவார், நான் "நீங்கள்" எண்டுவன். அண்டைக்கு அவர் அந்நிய ஆளோட கதைக்கிற மாதிரி "நீர்" எண்டார். நானும் திருப்பி "நீர்" எண்டன். சோத்துக் கையோட எழும்பிப் போட்டார். அவற்ற இலை அப்பிடியே கிடந்தது, அக்கா வந்து ஒண்டும் பேசாமல் மடிச்சா.

ஆவணியில அக்காவின்ர மகளுக்குக் கலியாணம். நான் தாய்மாமன். கலியாணத்துக்குப் போய்ச் சிரிச்சிட்டு வரலாம். ஆனா அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்ப வேணும்.

உப்புவெளி ரீச்சர்:

உயர்தரப் பிள்ளைகளை விவாதத்துக்குப் பழக்கிறன். எங்கட முதல் விதி: எதிர்த்தரப்பு சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேணும். "ஓம், இதைத்தான் சொன்னனான்" எண்டு அவை ஒத்துக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். பிள்ளைகளுக்கு இது பிடிக்கிறதே இல்லை. நான் விடுறதும் இல்லை.

உங்கட சண்டையில இரண்டு பேரும் கணக்கையே பார்க்கேல்லை. 2022 தை மாத ஒப்பந்தப்படி 99 தாங்கிகளில 14 இந்தியன் ஒயில் கம்பனியின்ர இலங்கைக் கிளையான லங்கா ஐஓசியிடம், 24 எங்கட அரசாங்கத்தின்ர பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம். மிச்சம் 61உம் இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். அந்தக் கம்பனியில கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். அப்ப "முழுக்க வித்தாச்சு" பிழை. நீங்கள் சொன்னதும் பிழை. வெள்ளைக்காரன் கட்டின தாங்கிகள் கன காலம் பற்றைக்குள்ள கிடந்ததுக்கு யுத்தமும் ஒரு காரணம். இந்தக் கணக்கை ஒரு தாளில எழுதிக் கொண்டு போங்கோ.

ஆறாம் கட்டை:

ரீச்சர் சொல்லுறது சரி, ஆனா கணக்கு மட்டும் காணாது. 1980 ஆடி வேலைநிறுத்தத்தில ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின்ர அரசாங்கம் ஏறக்குறைய 40,000 பேரை வேலையால நிப்பாட்டினது. அதில என்ர அப்பாவும் ஒருத்தர். பேந்து கண்டவன் வளவில எல்லாம் கூலிக்கு வேலி அடைச்சுத்தான் எங்களைப் படிப்பிச்சவர். "சங்கங்கள் நாசமாக்கினது" எண்டு ஆரும் சொன்னால் எனக்குக் குதமும் தெரியாது, இந்தியாவும் தெரியாது. அப்பாவின்ர உள்ளங்கைதான் தெரியும். உங்கட அத்தானுக்கு என்ன தெரிஞ்சது எண்டு கேட்டீங்களோ?

மூதூரான்:

"உங்கட சங்கங்கள்" எண்டீங்களே, அதில "உங்கட" எண்ட சொல்தான் பிரச்சினை. எங்கட தேத்தண்ணிக் கடையில எந்தக் கட்சித் தலைவரையும் ஏசலாம். 2024 தேர்தல் நேரம் ஏசாத ஆளே இல்ல. ஆனா மேசையில இருக்கிறவனைப் பார்த்து "உங்கட ஆக்கள்" எண்டு சொல்ல வாப்பா காலத்தில இருந்தே விடுறதில்ல. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எண்டு மூண்டு சனமும் இருக்கிற ஊரில அந்தச் சொல்லுக்குப் பின்னால என்னென்ன நடந்தது எண்டு உங்களுக்கும் தெரியும்.

இன்னொண்டு. இடது, வலது எண்டது 1789இல பிரான்ஸ் சபையில ஆக்கள் இருந்த பக்கத்தை வச்சு வந்த பேர். எங்கட நாட்டில சிங்களம் மட்டும் அரசகரும மொழி எண்ட தனிச்சிங்களச் சட்டத்தை 1956இல எதிர்த்துப் பேசின இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாதான், அதையே உறுதியாக்கின 1972 அரசியலமைப்பை முன்னுக்கு நிண்டு கொண்டுவந்த அமைச்சரும். இடதுசாரி எண்டு அத்தானை ஏசினால் இதில எந்தக் கொல்வினை ஏசுறீங்க? அவர் என்ன நம்புறார் எண்டு அவரிட்டயே கேளுங்க.

திருமலைக் கடைக்காரன்:

நேற்றுப் போனன். திவசத்தில கதைச்சதுக்கு முதல் மன்னிப்புக் கேட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை, கதிரையை மட்டும் இழுத்துப் போட்டார். ஆறாம் கட்டை, நீங்கள் சொன்னபடி, ஏன் சங்கத்தில சேர்ந்தவர் எண்டு கேட்டன். இருபது வருசத்தில நான் கேட்காத கேள்வி.

அவற்ற மூத்த அண்ணர் றெயில்வேயில இருந்தவராம். அதே 1980 ஆடி. வேலை போய், தங்கச்சியின்ர கலியாணம் குழம்பி, பேந்து குடிச்சே செத்தவராம். அவர் இறந்தது எனக்குத் தெரியும், காரணம் தெரியாது. நானும் என்ர அப்பாவின்ர கதையைச் சொன்னன். எழுபதுகளில இறக்குமதிக் கட்டுப்பாட்டால சரக்கு இல்லாமல் கடையைப் பாதி அடைச்சு வச்சிருந்ததும், விடியமுன்னம் எங்களைப் பாண் வரிசையில விட்டதும். அத்தானும் அந்த வரிசையில நிண்டவராம். அந்த அரசாங்கத்தில இடதுசாரிகள் இருந்ததை அவராகவே சொன்னார்.

ரீச்சர் தந்த கணக்குத் தாளை எடுத்துக் குடுத்தன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசிச்சார். முழுக்க வித்தாச்சு எண்டது பிழை எண்டு ஒத்துக்கொண்டார். நானும் "உங்கட சங்கங்கள்" எண்டதைத் திருப்பி எடுத்தன். அதுக்குப் பிறகு தாளை என்ர பக்கம் தள்ளி, "சரி, 51 வீதம் இருந்தால் மட்டும் முடிவு எங்கட கையில இருக்குமோ? நீ சொல்லு பாப்பம்" எண்டார்.

"நீ" எண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். ரீச்சர், அந்தக் கம்பனியில முடிவெடுக்கிறது ஆர், எப்பிடி எண்டு தெரிஞ்சால் சனிக்கு முன்னம் எழுதுவீங்களோ?