லாண்டஸ்காக் திரும்பி வர்றார்: இது நியாயமா?

பச்சைச்சட்டை (ஏப்ரல் 18, 2025, மாலை 6.40)

நாளைக்கு சனிக்கிழமை டல்லாஸ்ல முதல் ஆட்டம். ஐஸ் ஹாக்கி லீக் என்எச்எல்லோட பிளேஆஃப்ல, அதாவது கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகள்ல, நம்ம டல்லாஸ் ஸ்டார்ஸும் கொலராடோ அவலாஞ்சும் முதல் சுற்றிலேயே மோதுறாங்க. எல்லாரும் ரான்டனன் பத்தித்தான் பேசுறாங்க. ஜனவரி வரைக்கும் அவலாஞ்ச்ல ஆடினவர், மார்ச்ல நம்ம பக்கம் வந்துட்டார், பேசத்தான் செய்வாங்க. எனக்கு உறுத்துறது அவங்க கேப்டன் கேப்ரியல் லாண்டஸ்காக்.

2022 ஜூன் 26, டாம்பாவில என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். அதுக்கப்புறம் என்எச்எல்ல ஒரு ஆட்டம்கூட ஆடலை. மூணு சீசன் முழுசாப் போச்சு. போன வாரம் லவ்லேண்ட்ல அவங்க இரண்டாம்நிலை அணி ஈகிள்ஸுக்கு ரெண்டு ஆட்டம் ஆடினார், ரெண்டாவதுல ஒரு கோல், ஒரு அசிஸ்ட். இப்ப நம்ம தொடர்ல இறங்கப் போறார்னு பேச்சு.

என் கேள்வி சம்பள வரம்பைப் பத்தி. இந்த 2024-25 சீசன்ல ஒரு அணியோட மொத்தச் சம்பளத்துக்கு 88 மில்லியன் டாலர் வரம்பு. லாண்டஸ்காக்குக்கு 7 மில்லியன். அவரை நீண்டகாலக் காயப் பட்டியல்ல, அதாவது எல்டிஐஆர்ல வச்சா, வரம்பைத் தாண்டி அந்த அளவுக்கு வேற ஆளை எடுத்துக்கலாம். இந்த சீசன்ல பிளேஆஃப் தொடங்கிட்டா வரம்பே கிடையாது. பிராக் நெல்சன், சார்லி காயில்னு மார்ச்ல ஆள் சேர்த்தாங்க, இப்ப கேப்டனும் வந்து நிப்பார். 2021ல டாம்பா அணி அவங்க ஆட்டக்காரர் குச்செராவை வச்சு செஞ்சதும் இதேதான். கோப்பை ஜெயிச்சுட்டு "வரம்புக்கு மேல 18 மில்லியன்"னு சட்டை போட்டுக்கிட்டு நின்னாரே, அதை யாரும் மறக்கலை.

மலைக்காத்து (மாலை 7.05)

டென்வர்ல இருந்து எழுதுறேன், அவலாஞ்ச் ரசிகன். அண்ணே, குச்செராவோட இவரைச் சேர்க்காதீங்க.

குச்செராவ் இடுப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு 56 ஆட்டம் இருந்த ஒரு சின்ன சீசனைத் தவறவிட்டார், பிளேஆஃப் முதல் ஆட்டத்துக்கு வந்து கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து 32 புள்ளி எடுத்தார். சந்தேகப்பட்டவங்களை நான் குத்தம் சொல்லமாட்டேன். லாண்டஸ்காக் 29 வயசுல போனவர், 32ல வர்றார். 2022 அக்டோபர்ல ஒரு ஆபரேஷன், 2023 மே மாசம் முழங்கால் குருத்தெலும்பு மாற்று ஆபரேஷன். வரம்பை ஏமாத்தறதுக்காக எவனாவது தன் ஆட்ட வாழ்க்கையில மூணு வருஷத்தைக் கொடுப்பானா?

இன்னொண்ணு, உங்க டைலர் சேகின். டிசம்பர் தொடக்கத்துல இடுப்பு ஆபரேஷன். 9.85 மில்லியன் எல்டிஐஆர்ல போச்சு. பிப்ரவரில கிரான்லண்டும் செசியும் சான் ஹோசேல இருந்து வந்தாங்க. சேகின் புதன்கிழமை, சீசனோட கடைசி ஆட்டத்துல திரும்பிட்டார். அதைப் பத்தி இங்க யாரும் இழை தொடங்கலையே?

பச்சைச்சட்டை (மாலை 7.12)

சேகினுக்கு நாலுல இருந்து ஆறு மாசம் ஆகும்னு அன்னைக்கே சொன்னாங்க, சொன்ன கணக்குலதான் வந்தார். ஆனா நான் ஆளைக் குத்தம் சொல்லலை தம்பி, விதியைத்தான் சொல்றேன். அன்னைக்கு ஆட்டத்துல இறங்குற 20 பேரோட சம்பளத்தைக் கூட்டி, அது வரம்புக்குள்ள இருக்கணும்னு பிளேஆஃப்லயும் வைக்கட்டும். எங்களுக்கும் அதேதான். அதனால சேகின் வெளிய உட்காரணும்னா உட்காரட்டும்.

இடிதாங்கி (மாலை 7.20)

விதியைப் பேசி என்ன ஆகப்போகுது? நாளைக்குள்ள மாத்தமாட்டாங்க. ஆடட்டும். ஐஸ்ல இறங்குற முதல் ஷிஃப்ட்லயே ஓரச் சுவரோட வச்சு நல்லா ஒரு இடி. மூணு வருஷமா யாரும் முழு வேகத்துல இடிக்காத உடம்பு. அடுத்த தடவை பக்குக்கு, அதான் அந்த ரப்பர் வட்டுக்கு, போறதுக்கு முன்னாடி ஒரு தரம் யோசிப்பார். நம்ம ஜேமி பென்னும் மார்ச்மென்ட்டும் எதுக்கு இருக்காங்க?

நீலக்கோடு (மாலை 7.48)

நான் ஸ்டார்ஸ் ரசிகை. இடிதாங்கி சொல்றதைப் படிச்சதும் எனக்கு 2023 மே மாசம்தான் ஞாபகம் வந்தது.

மேற்குப் பிரிவு இறுதி, வேகஸோட மூணாவது ஆட்டம், நம்ம அரங்கம். அவங்க ஆட்டக்காரர் மார்க் ஸ்டோன் அந்த வருஷம் ஜனவரி கடைசில முதுகு ஆபரேஷன் பண்ணிட்டு பிளேஆஃப்க்குத் திரும்பினவர். ஆட்டம் ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. ஸ்டோன் ஐஸ்ல விழுந்து கிடக்கிறார், நம்ம கேப்டன் பென் அவர் மேல விழுந்து மட்டையை அவர் கழுத்துப் பக்கம் அழுத்துறார். அஞ்சு நிமிஷ மேஜர் பெனால்டி, ஆட்டத்துல இருந்து வெளியேத்தம். ஏறக்குறைய முழு ஆட்டமும் கேப்டன் இல்லாம ஆடினோம். 4-0 தோல்வி. அதுக்கு மேல ரெண்டு ஆட்டத் தடை. அன்னைக்கு நம்ம ஆளுங்க ஐஸ் மேல சாமான் எறிஞ்சாங்க, நிர்வாகம் மன்னிப்பு கேட்டுச்சு. ஸ்டோன் எழுந்து ஆடினார். அடுத்த தொடர்ல கோப்பையை முடிச்ச ஆட்டத்துல ஹாட்ரிக் போட்டார்.

காயத்துல இருந்து வர்றவனை இடிச்சுப் பயமுறுத்தலாம்கிற நினைப்பு நமக்கு என்ன கொடுத்ததுன்னு நாம பாத்தாச்சு. சட்டத்துக்கு உட்பட்ட இடி ஆட்டத்துல சேர்த்தி, அதை யாரும் தடுக்கலை. "முதல் ஷிஃப்ட்லயே, இந்த ஆளைத்தான்"னு குறி வச்சுப் போறது வேற. அப்படிப் போற ஆளோட கண்ணு பக்குல இருக்காது. ரெஃப்ரி கண்ணு அவன் மேலதான் இருக்கும். நம்ம ஆள் ஒருத்தர் பெனால்டில வெளிய உட்கார்ந்தா, எதிர்ல அவங்க நட்சத்திரங்க மக்கினனும் மகாரும் ஒரு ஆள் கூடுதலா பவர்ப்ளே ஆட வருவாங்க. அவங்களுக்கு நாமளா பெனால்டி கொடுக்கணுமா?

இடிதாங்கி (இரவு 8.01)

அக்கா, பென் செஞ்சது அழுக்கு வேலை, அதை நான் ஆதரிக்கலை. ஆனா கணக்கை முழுசாச் சொல்லுங்க. அவர் தடையில இருந்த நாலாவது, அஞ்சாவது ஆட்டம் ரெண்டையும் ஜெயிச்சோம். அவர் திரும்பி வந்த ஆறாவதுல 6-0 தோத்தோம். அதனால தொடர் போனதுக்கு அந்த ஒரு அடிதான் காரணம்னு வைக்க முடியாது.

நான் சொல்றது தோள் மேல தோள். பக்கு வச்சிருக்கும்போது, நேரா, சுத்தமா. பிளேஆஃப்ல மக்கினனுக்கும் அதுதான், லாண்டஸ்காக்குக்கும் அதுதான். முழங்கால் சரியில்லாதவனுக்குத் தனி மரியாதை வேணும்னா அவன் வீட்ல இருக்கணும். இறங்கிட்டா அவன் இடது விங்கர், அவ்வளவுதான்.

மலைக்காத்து (இரவு 8.04)

லாண்டஸ்காக்கே இதுக்குச் சரின்னுதான் சொல்வார். அவர் ஆடினதே அப்படித்தான்.

முட்டிவைத்தியம் (இரவு 8.30)

இயன்முறை மருத்துவம் என் தொழில், அணி எதுவும் சாராதவன். முழங்காலைப் பத்தி மட்டும் சொல்றேன்.

குருத்தெலும்புல ரத்த ஓட்டம் கிடையாது. தசை கிழிஞ்சா ஆறும், எலும்பு முறிஞ்சா கூடும், இது தானா வளராது. அதனாலதான் மாற்று வைக்கிறாங்க. வச்சது உள்ள பிடிச்சு உறுதியாக மாசக்கணக்கு ஆகும், பாரம் தாங்கப் பழக்க அதுக்கு மேல ஆகும். ஹாக்கியில இந்த ஆபரேஷன் பண்ணிட்டு உச்ச மட்டத்துக்குத் திரும்புறது ரொம்ப அபூர்வம். கூடைப்பந்துல லான்சோ பால் 2023 மார்ச்ல இதே வகை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு 2024 அக்டோபர்லதான் மறுபடி இறங்கினார்.

ஸ்கேட்டிங்ல முழங்கால் முழு நேரமும் மடங்கித்தான் இருக்கும். நேரா வேகமா போறதைப் பாத்து ஏமாறாதீங்க, அது சுலபம். ஆபரேஷன் ஆன வலது காலை ஊன்றிப் பக்கவாட்டுல நிறுத்துறாரா, நின்ன இடத்துல இருந்து அந்தக் காலைத் தள்ளிக் கிளம்புறாரா, மூலையில ரெண்டு பேர் மேல சாயும்போது இடது காலுக்கு மட்டும் பாரத்தை மாத்துறாரா, இதைப் பாருங்க. லவ்லேண்ட்ல எனக்கு முக்கியமாப் பட்டது கோல் இல்லை. வெள்ளி ஆடினார், சனியும் ஆடினார். அடுத்த நாள் முட்டி வீங்கியிருந்தா இறங்கியிருக்க மாட்டார். பிளேஆஃப்ல சனி, திங்கள், புதன்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது.

பச்சைச்சட்டை (இரவு 8.41)

அப்ப ஆட முடியும்னு சொல்றீங்களா?

முட்டிவைத்தியம் (இரவு 8.44)

ஒரு ஆட்டத்துல 12, 13 நிமிஷம் ஆடலாம். 20 நிமிஷம் கொடுத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும்.

நீலக்கோடு (இரவு 9.10)

அந்த 12 நிமிஷம் எங்க வருதுன்னுதான் யோசிக்கணும். ஜாரெட் பெட்னார் புத்தி உள்ள கோச், அவரை மக்கினனோட ஓடவிட மாட்டார். மூணாவது வரிசையில வைப்பார், பவர்ப்ளேல வலை முன்னாடி நிறுத்துவார். அங்க நிக்கிறதுக்கு வேகம் தேவையில்லை, பருமனும் கையும் போதும். மகார் மேலே இருந்து அடிக்கும்போது நம்ம கோலி ஆட்டிஞ்சரோட கண்ணை மறைக்கணும், மட்டையை நீட்டித் திசை மாத்தணும், திரும்பி வர்ற பக்கைத் தட்டிவிடணும். 2022 பிளேஆஃப்ல 20 ஆட்டத்துல 11 கோல் போட்டார். அதுவும் மார்ச்ல இதே முழங்கால்ல ஆபரேஷன் பண்ணிட்டு வந்து போட்டது.

நமக்கு தற்காப்பு ஆள் ஹெய்ஸ்கனன் காயத்தால ஜனவரி கடைசில இருந்து இல்லை. புதன்கிழமை ராபர்ட்சனும் காயம்பட்டு விழுந்துட்டார். கடைசி ஏழு ஆட்டமும் தோல்வி. வலை முன்னாடி லாண்டஸ்காக்கை நகர்த்த நம்ம தற்காப்பு ஆளுங்க லின்டெல், செசி, லியுபுஷ்கின்தான். அந்த மூணு பேரும் முதுகுல தள்ளாம, மட்டையைத் தூக்கி அவர் மட்டையைக் கட்டிப்போட்டா போதும். இடிதாங்கி கேக்குற இடியைவிட அதுதான் இந்தத் தொடரைத் தீர்மானிக்கும்.

பழைய டிக்கெட் (இரவு 9.35)

இந்தக் கதை எங்க ஆரம்பிச்சதுன்னு ஒருத்தரும் சொல்லலையே. 2020, எட்மன்டன், ஆள் இல்லாத அரங்கம், நம்ம ரெண்டு அணிக்கும் நடந்த ரெண்டாம் சுற்று. ஆறாவது ஆட்டத்துல மகாரோட ஸ்கேட் பிளேடு பட்டு லாண்டஸ்காக்கோட வலது முழங்காலுக்கு மேல வெட்டு. சொந்த அணிக்காரன் கால் தவறுதலாப் பட்டது. ஏழாவது ஆட்டத்துல அவர் இல்லை. நம்ம கிவிராண்டா ஹாட்ரிக் போட்டு ஓவர்டைம்ல முடிச்சார். அந்த வெட்டுல ஆரம்பிச்ச தொல்லைதான் இத்தனை வருஷம் இழுத்தது. கிவிராண்டா இப்ப அந்தப் பக்கம் ஆடுறார்.

19 வயசுல கேப்டன் பட்டையைக் கொடுத்தாங்க, அப்ப என்எச்எல் வரலாற்றிலேயே இளைய கேப்டன். மூணு வருஷமா ஆடாதவர்கிட்ட இருந்து அந்தப் பட்டையை அந்த அணி எடுக்கவே இல்லை. நான் ஸ்டார்ஸ் இங்க வந்த காலத்துல இருந்து பச்சை போடுறவன். நம்ம அரங்கத்துல அவர் பேரை அறிவிச்சா நான் எழுந்து நின்னு கை தட்டுவேன். பக்கு விழுந்து ஆட்டம் தொடங்கினதும் உட்கார்ந்துடுவேன்.

இடிதாங்கி (இரவு 9.41)

கை தட்டமாட்டேன் ஐயா. பிளேஆஃப்ல எதிரணி ஆளுக்கு என் கை எழும்பாது. ஜூலைல கேளுங்க, தட்டுறேன்.

பச்சைச்சட்டை (இரவு 9.58)

பழைய டிக்கெட் ஐயா சொன்னது மனசுக்குப் புரியுது. ஆனா என் வாதம் அப்படியேதான் இருக்கு. நல்ல மனுஷன், உண்மையான காயம், எல்லாம் சரி. அதனால விதி சரியாகிடாது. போன வருஷமும் ஸ்டோன் மண்ணீரல் காயத்துல இருந்து நேரா நம்ம முதல் ஆட்டத்துக்கு வந்து, ரெண்டு நிமிஷத்துக்குள்ள நம்ம வலையில கோல் போட்டார். ஏழு ஆட்டம் இழுத்துத்தான் அந்தத் தொடரை ஜெயிச்சோம். நல்லவனுக்காகத் திறந்து வச்ச கதவுல கணக்குப் போடுறவனும் நுழையுறான். மூடினா ரெண்டு பேருக்கும் மூடணும்.

மலைக்காத்து (இரவு 10.06)

அந்த விதி வந்தா நானும் எதிர்க்கமாட்டேன். அடுத்த வருஷம் வரட்டும், இவர் ஆடி முடிச்சப்புறம். முதல் ஆட்டத்துல இறங்குவாரான்னு எங்களுக்கே தெரியாது, இன்னும் எல்டிஐஆர்லதான் இருக்கார். என்னைக் கேட்டா டல்லாஸ்ல அவசரப்பட வேண்டாம். புதன்கிழமை டென்வர்ல மூணாவது ஆட்டம், அங்க இறக்கணும்.

நீலக்கோடு (இரவு 10.11)

அதுக்குள்ள நாங்க ரெண்டு ஜெயிச்சிருக்கணும். நாளைக்கு நெல்சனை யார் கவனிக்கிறதுன்னு தனி இழை போட்டிருக்கேன், அங்க வாங்க.