பொருள்: 'வெட்' மாக்குலா – ஈரமா, ஓதமா, கசிவா? (திங்கட்கிழமை அச்சு)

கோபியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கமுங்க. எங்கள் பக்கம் நடக்கும் கண் முகாமுக்குத் துண்டறிக்கை எழுதுகிறேன். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா கெடுவதில் 'ட்ரை', 'வெட்' என்று இரண்டு வகை. 'உலர்', 'ஈர' என்று போட்டு எங்கள் அம்மிச்சியிடம் படித்துக் காட்டினேன். "எனக்குத்தான் கண்ணுல தண்ணியே வர்றதில்லையே, அப்புறமென்ன?" என்றுவிட்டார். ஈரம் இருப்பதோ உள்ளே. விழித்திரைக்கு அடியில் முளைக்கும் கோளாறான இரத்தக்குழாய்கள் கசிந்து நடுப்பார்வையைக் கெடுக்கின்றன. கதவு நிலை வளைந்து தெரியும், எதிரே நிற்பவர் முகம் மட்டும் மங்கும். சீக்கிரம் ஊசி போட்டால் இருக்கிற பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். சொல் தப்பினால் ஆள் வரமாட்டார். உதவுங்கள்.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஈரம் வேண்டாம் தம்பி. "இன்சொலால் ஈரம் அளைஇ" என்ற இடத்தில் ஈரம் அன்பு; அதை நோய்க்கு வைப்பதா? சுவருக்குள்ளிருந்து ஏறும் ஈரத்தை ஓதம் என்கிறோமே, அதுதான் இது. இலத்தீனில் மாக்குலா என்றால் கறை. நம்மிடம் 'மறு' இருக்கிறது: "அவிர்மதிக்குப் போல மறுவுண்டோ மாதர் முகத்து". ஆக, 'ஓத மறுச்சிதைவு'. மறு, மாசு, மை மூன்றும் ஓரினமா என்று தனி மடலில் எழுதுகிறேன்.

ஈரோடு, கண் மருத்துவர்:
அய்யா, மன்னிக்கணும். ஓதத்துக்கு விதைப்பை வீக்கம் என்றும் அகராதியில் பொருள் உண்டு. என் அறைக்கு வரவேண்டிய பெரியவர் வேறு டாக்டரைத் தேடிப் போய்விடுவார். 'மறுச்சிதைவு' என்றால் இரண்டாம் முறை சிதைந்தது என்று படிப்பார்கள். நாங்கள் சொல்வது, "கண்ணு நரம்புல தண்ணி கோத்திருக்குதுங்க". உடற்கூறு சரியில்லைதான், ஆனால் புரிகிறது. இந்நோய்க்கான ஊசிமருந்து ரானிபிசுமாப் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது மாதம் ஒரு ஊசி. 2022-இல் அங்கே அனுமதி பெற்ற பாரிசிமாபைச் சிலருக்கு நான்கு மாத இடைவெளியிலும் போடலாம். இருந்தும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அறிக்கையில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள், சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

திருப்பூர், மென்பொருள் பணி:
பாடப்புத்தகச் சொல் 'மஞ்சள் புள்ளி' இருக்க ஏன் இந்தப் பாடு?

ஈரோடு, கண் மருத்துவர்:
எங்கள் ஊரில் மஞ்சள் என்று ஆரம்பித்தால் ஒன்று காமாலை, இல்லை குவிண்டால் விலை.

கோபியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
'மாக்குலா நோய் – கசிவு வகை' என்றே அனுப்பிவிட்டேன். ஊசியை நிறுத்தக்கூடாது என்பது தடித்த எழுத்தில். நான்கு பேர் தனி மடலில் சரி என்றார்கள். அம்மிச்சி மட்டும் "எங்க கசியுது?" என்று கேட்டார். கண்ணுக்குள்ளே என்றேன். வலது கண்ணை மூடி, நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சி, தமிழாசிரியர்:
அச்சாகட்டும். கசிவு என்றால் எனக்குச் சொட்டுநீர்க் குழாய்தான் ஞாபகம் வருகிறது. என் ஓட்டு ஓதத்துக்கே. அம்மிச்சியை முகாமுக்குக் கூட்டிப் போங்கள் தம்பி.