மைல்ஸ்டோன் காமிக்ஸ் யாரிடமாவது இருக்கிறதா?

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் கறுப்பினத்தவரைச் சித்திரித்த விதம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 1941இல் வெளிவந்த 'யங் அல்லீஸ்' இதழில் கறுப்பினச் சிறுவனைத் தடித்த உதடும் கோமாளித்தனமுமாக வரைந்திருக்கிறார்கள். பார்க்கவே மனம் கூசுகிறது. 1970இல், 'கிரீன் லான்டர்ன்' 76ஆம் இதழில், கறுப்பின முதியவர் ஒருவர் நாயகனை மடக்குகிறார்: ஆரஞ்சுத்தோல், ஊதாத்தோல் வேற்றுக்கிரகவாசிகளுக்கெல்லாம் உதவினாயே, கறுப்புத்தோல்காரர்களுக்கு என்ன செய்தாய்? நாயகன் தலைகுனிகிறான். அருமையான பக்கம். ஆனாலும், அது வெள்ளை நாயகன் மனம் மாறும் கதைதான்.

கறுப்பினப் படைப்பாளிகளே சேர்ந்து தொடங்கி, 1993இல் வெளியிட்ட மைல்ஸ்டோன் இதழ்களைத்தான் இப்போது தேடுகிறேன். குறிப்பாக 'ஸ்டாட்டிக்', 'ஐகான்' கதைகளின் தொடக்க இதழ்கள். வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன். தபால் செலவு என்னுடையது. தொகுப்பு நூல்கள் எங்கே வாங்கலாம் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.